நெல்லைச் சீமையில் வானம் பார்க்க: ஸ்டெல்லேரியத்தில் தொடங்கி ஒளி அளவெடுப்பது வரை

முதல் தடவை ஸ்டெல்லேரியத்தை, அதாவது வானத்தைத் திரையில் காட்டும் மென்பொருளை, லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குப் போன அன்று, திரையில் இருந்த வானத்துக்கும் தலைக்கு மேல் இருந்த வானத்துக்கும் சம்பந்தமே இல்லை. திரையில் துருவ நட்சத்திரம் வடக்கே மூன்று முஷ்டி உயரத்தில் (கையை நீட்டிப் பிடித்தால் ஒரு முஷ்டி பத்து டிகிரி) நிற்கிறது, இங்கே வடக்கில் தென்னை மரங்களுக்கு மேலே அப்படி எதையும் காணோம். திரையில் தெற்கே தரையோடு ஒட்டிக் கிடந்த ஒரு நட்சத்திரம் இங்கே நல்ல உயரத்தில் பளிச்சென்று எரிகிறது. அரைமணி நேரம் கழித்துத்தான் விஷயம் பிடிபட்டது. இணைய இணைப்பை வைத்து இடத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும் வசதி, என்னைத் தில்லியில் உட்கார வைத்திருக்கிறது.

நம்ம ஊர் இருப்பது 8.7 டிகிரி வட அட்சரேகையில். இந்த ஒரு எண்ணைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் வரிசையாக வந்து உட்காரும். துருவ நட்சத்திரம் நமக்கு ஒரு முஷ்டிக்கும் குறைவான உயரத்தில், மரங்களுக்குப் பின்னால் மறைந்து கிடக்கும், அதை நம்பித் திசை பார்க்க முடியாது. பதிலுக்குத் தெற்கு வானம் ஏறக்குறைய முழுசாகத் திறந்து கிடக்கிறது. ஐரோப்பாவில் இருப்பவர் விமானம் ஏறி வந்து பார்க்க வேண்டியதை நாம் குளத்துக்கரையில் நின்று பார்க்கலாம். ஆனால் இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை வடக்கே 40, 50 டிகிரியில் இருப்பவர்கள் அவர்கள் வானத்துக்கு எழுதியவை, அதை அப்படியே பின்பற்றினால் நம் கையில் இருக்கும் நல்ல சரக்கு எல்லாம் கண்ணில் படாமலே போய்விடும். அதனால்தான் இதை நம்ம ஊருக்கென்று தனியாக எழுதுகிறேன்.

இடத்தைச் சரிசெய்வது

கம்ப்யூட்டருக்கான ஸ்டெல்லேரியம் இலவசம், திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். பழைய லேப்டாப்பே போதும். ஏற்றி முடித்ததும் எஃப்6 கீயை அழுத்துங்கள், இடம் குறிக்கும் பெட்டி திறக்கும். நெட்வொர்க்கிலிருந்து இடத்தை எடுக்கும் தேர்வில் டிக் இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். பிறகு ஊர்ப் பட்டியலில் திருநெல்வேலியைத் தேடிப் பிடியுங்கள், இல்லையென்றால் அட்சம் 8.73 வடக்கு, தீர்க்கம் 77.7 கிழக்கு என்று கையாலேயே அடித்துவிடலாம். அதையே நிரந்தர இடமாக வைத்துக்கொள்ளும் தேர்வையும் மறக்காமல் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் நாளைக்குத் திறக்கும்போது பழைய இடத்துக்கே போய்விடும்.

சரியாகப் போட்டிருக்கிறோமா என்று எப்படித் தெரியும்? நான் கண்டுபிடித்த சோதனை இது. எஃப்5 அழுத்தித் தேதியை ஏப்ரல் 12 ஆக்கி, நேரத்தைப் பகல் 12.20-க்கு வையுங்கள். சூரியன் நேர் உச்சியில் நிற்க வேண்டும். நம்ம ஊரில் நிழலில்லா நாள் அந்த வாக்கில்தான் வரும், இன்னொன்று ஆகஸ்ட் 30 ஒட்டி. 12 மணிக்கு இல்லாமல் 12.20-க்கு ஏன் என்று கேட்டால், இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கத்துக்கு வைத்தது, நாம் அதற்கு மேற்கே கிட்டத்தட்ட 5 டிகிரி தள்ளி இருக்கிறோம், டிகிரிக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால் 19 நிமிடத் தாமதம். திரையில் சூரியன் உச்சியில் நின்றால் இடம் சரி, கடிகாரமும் சரி.

விரல் பழக வேண்டிய கீகள்

எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எல் அழுத்தினால் நேரம் வேகமாக ஓடும், ஜே அழுத்தினால் வேகம் குறைந்து பின்னோக்கியும் போகும், கே அழுத்தினால் இயல்பு ஓட்டத்துக்கு வரும், 8 அழுத்தினால் இந்த நொடிக்குத் திரும்பும். சி விண்மீன் கூட்டங்களின் கோடுகளைக் காட்டும், ஜி தரையை எடுத்துவிடும், ஏ காற்று மண்டலத்தை எடுத்துவிடும். எஃப்3 தேடுவதற்கு. கன்ட்ரோலோடு என் (N) சேர்த்து அழுத்தினால் திரை முழுக்கச் சிவப்பாகும், வெளியே கொண்டுபோனால் அது கட்டாயம்.

எஃப்4 பெட்டியில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று ஒளி மாசு. சும்மா விட்டால் பாலைவனத்து வானம் போல ஆயிரக்கணக்கில் நட்சத்திரங்களைக் காட்டும், வெளியே வந்து பார்த்தால் முப்பதுகூடத் தேறாது, புதிதாக வருபவர்கள் மனம் விட்டுப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். டவுண், பாளை, ஜங்ஷன் பக்கம் என்றால், வானம் எவ்வளவு இருட்டு என்பதை 1 முதல் 9 வரை சொல்லும் ‘போர்ட்டில்’ (Bortle) அளவை 7-இல் வையுங்கள், ஆள் நடமாட்டம் குறைந்த கிராமம் என்றால் 4. திரையும் வானமும் ஓரளவு ஒத்துப்போகும் வரை கூட்டிக் குறைத்துப் பாருங்கள். இரண்டாவது, வான மரபு. அதில் இந்திய மரபைத் தேர்ந்தெடுத்தால் கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை என்று 27 நட்சத்திரங்களும் இருக்குமிடம் தெரியும். எங்க ஆச்சி கார்த்திகையை ஆறு மீன் என்றுதான் சொல்லுவா. பஞ்சாங்கத்தில் பெயராக மட்டும் கேட்டதை வானத்தில் கைகாட்டிச் சொல்ல முடிகிற அந்த முதல் நாள் எவ்வளவு சந்தோஷம் தருகிறது என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பைனாகுலர் வைத்திருப்பவர்கள் எஃப்2-க்குள் போய் ஆக்யுலர்ஸ் என்ற செருகுநிரலை இயக்கி, உங்கள் பைனாகுலரின் அளவைக் கொடுத்துவிடுங்கள். கண்ணில் எவ்வளவு பெரிய வட்டம் தெரியுமோ அதே வட்டத்தைத் திரையில் காட்டும். எதைத் தேடுகிறோம், அது எவ்வளவு சின்னதாக இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் தேடுவது பாதி முடிந்த மாதிரி.

உங்கள் மலையைத் திரையில் ஏற்றுங்கள்

இதைப் பலரும் செய்வதில்லை. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி இருப்பவர்களுக்கு, அதாவது அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, கடையம், களக்காடு பக்கம் இருப்பவர்களுக்கு, இது இல்லாமல் கணக்கு தப்பும். ஸ்டெல்லேரியம் காட்டுவது வெட்டவெளி. நமக்கோ மேற்கே சுவர் மாதிரி மலை நிற்கிறது. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலை, 25 கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் தொடுவானத்துக்கு மேல் 4 டிகிரி எழும்பி நிற்கும். பக்கத்து மலை என்றால் இன்னும் அதிகம். மாலையில் மேற்கே தாழ்ந்து தெரிய வேண்டிய புதன் கோள், வால்மீன் எல்லாம் திரையில் இருக்கும், மலைக்குப் பின்னால் போயிருக்கும்.

செய்முறை இதுதான். நீங்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில் பகலில் நின்றுகொள்ளுங்கள். போனில் திசைகாட்டியும் சாய்வு அளக்கும் ஆப்பும் இருந்தால் போதும். வடக்கே 0 என்று தொடங்கி 10 டிகிரிக்கு ஒரு தடவை, அந்தத் திசையில் மலையோ மரமோ கட்டடமோ எவ்வளவு உயரத்தில் வானத்தைத் தொடுகிறது என்று பாருங்கள். மொத்தம் 36 ஜோடி எண். மலை உச்சிகளுக்கு மட்டும் இடையில் கூடுதலாக ஒன்றிரண்டு எடுத்துக்கொள்ளலாம். அந்த எண்களை நோட்பேடில் வரிக்கு ஒரு ஜோடியாக, முதலில் திசை, இடைவெளி விட்டு உயரம் என்று அடித்துச் சேமியுங்கள். இன்னொரு சின்னக் கோப்பில் நிலக்காட்சியின் பெயரையும், வகை பாலிகோனல் என்பதையும், எண்கள் இருக்கும் கோப்பின் பெயரையும் எழுத வேண்டும். ஸ்டெல்லேரியத்தோடு வரும் பயனர் கையேட்டில் இதற்கு மாதிரி இருக்கிறது, பார்த்து அப்படியே மாற்றிக்கொள்ளலாம். இரண்டையும் ஜிப் ஆக்கி, எஃப்4-இல் நிலக்காட்சிப் பகுதிக்குப் போய்ச் சேர்த்துவிட்டால் உங்கள் மலை திரையில் வந்து நிற்கும்.

கடையம் பக்கம் ஒரு கூட்டாளி வீட்டில் வைத்து இப்படிச் செய்தோம். அகத்தியர் விண்மீன், அதாவது கனோபஸ், மார்ச் நடுவில் நள்ளிரவை ஒட்டி மறையும் என்றும், மறைகிற இடம் தென்மேற்கே பொதிகைப் பக்கம் என்றும் திரையில் வந்தது. சரி, பார்த்துவிடலாம் என்று குளத்துக்கரையில் போய் உட்கார்ந்தோம். கூட்டாளியின் அப்பாவும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்துவிட்டார். மலை இருட்டாக, வானத்தைவிட இருட்டாக இருந்தது, அந்தக் கோட்டை நோக்கி நட்சத்திரம் சாய்ந்து சாய்ந்து வந்தது, கடைசி ஐந்து நிமிடம் வெள்ளையும் சிவப்புமாக மாறி மாறித் துடித்தது, சட்டென்று இல்லை. “பாத்தியா தம்பி, அகத்தியரு வீட்டுக்குப் போயிட்டாருல்லா” என்றார் மாமா. லேப்டாப்பில் வந்திருந்த நேரத்துக்கும் இதற்கும் இரண்டு நிமிடம் வித்தியாசம், அது நாங்கள் மலையை அளந்ததில் வந்த பிழை.

போனை எப்போது எடுக்க வேண்டும், எப்போது வைக்க வேண்டும்

போனில் ஸ்டெல்லேரியம், ஸ்கை மேப், ஸ்கைசஃபாரி என்று நிறைய இருக்கின்றன. ஸ்கை மேப் இலவசம், ஒன்றின் பெயர் தெரிய வேண்டும் என்றால் அதுவே போதும். போனின் திசைகாட்டி இரும்புக்குப் பக்கத்தில் தப்பாகக் காட்டும், பைக் மேல் சாய்ந்துகொண்டோ இரும்புக் கைப்பிடி ஓரத்திலோ நின்று பார்க்காதீர்கள். தப்பாகக் காட்டுகிறது என்று தோன்றினால் போனைக் கையில் வைத்துக் காற்றில் எட்டு வரைவது போல ஆட்டினால் சரியாகும்.

ஆனால் என் வழக்கம், வேலையெல்லாம் வீட்டில் விளக்கு வெளிச்சத்தில் முடித்துவிடுவது. எஃப்10 அழுத்தினால் கணக்குப் பெட்டி வரும், அதில் இன்றிரவு என்னென்ன தெரியும் என்ற பகுதி இருக்கிறது. மூன்றோ நான்கோ பொருள் தேர்ந்தெடுத்து, உச்சத்துக்கு வரும் நேரத்தையும் உயரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவேன். இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், ஒரு வாட்ஸ்அப் செய்தியைத் திறந்து பார்த்தால் அவ்வளவும் போச்சு, மறுபடி முதலிலிருந்து. இருட்டில் உயரம் அளக்கக் கையே போதும்: நீட்டிய கையில் மூடிய முஷ்டி 10 டிகிரி, சுண்டு விரல் 1 டிகிரி.

சர்வதேச விண்வெளி நிலையம் கடந்து போவதைப் பார்க்க ஹெவன்ஸ்-அபோவ் ஆப்பில் இடத்தைச் சரியாகக் கொடுத்தால் நேரம் நொடிக் கணக்கில் வரும். படம் எடுத்து அடுக்க சிரில், டீப்ஸ்கைஸ்டேக்கர் இரண்டும் இலவசம். படம் எடுப்பது பெரிய வேலை, கண்ணால் பார்த்து ஒரு வருடம் பழகிய பிறகு அதற்குள் போங்கள் என்பேன்.

எங்கே, எப்போது

தை, மாசி, பங்குனி. இதுதான் நமக்கு வானக் காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு வருகிற தெளிவு வேறு எப்போதும் கிடைக்காது. ஆனி, ஆடியில் மலையிலிருந்து மேகம் வந்துகொண்டே இருக்கும், காற்றில் பைனாகுலரை அசையாமல் பிடிக்கவும் முடியாது. அமாவாசையை ஒட்டிய வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்குத் தொடுவானம் முக்கியம் என்பதால் திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காடு, உவரி ஓரக் கடற்கரை போன்ற இடங்கள் மிக நல்லவை. பணகுடி, ராதாபுரம் பக்கம் வானம் திறந்ததுதான், ஆனால் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் கண்ணில் அடித்துக்கொண்டே இருக்கும். முண்டந்துறை, களக்காடு காட்டுக்குள் இரவில் போக நினைக்கவே வேண்டாம், அது புலிகள் காப்பகம். மலையடிவாரக் குளத்துக்கரையே போதும், ஊர்க்காரர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், பாம்புக்கு ஒரு டார்ச் வேண்டும், அதில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள்.

செய்தியில் படித்ததை நேரில் பார்ப்பது

விண்வெளிக் கண்டுபிடிப்பு என்று செய்தி வந்தால் படித்துவிட்டுக் கடந்து போகிறோம். அந்தப் பொருளின் பெயரை எஃப்3-இல் அடித்துப் பாருங்கள். பல நேரம் அது நம் தலைக்கு மேலேயே இருக்கும்.

ஒமேகா சென்டாரியை எடுத்துக்கொள்வோம். சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் ஒரே பந்தாகத் திரண்டு கிடக்கும் கூட்டம், தூரம் ஏறக்குறைய 17,000 ஒளியாண்டு. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி 20 வருடத்துக்கு மேல் எடுத்த 500-க்கும் அதிகமான படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது, அதன் நடுவில் ஏழு நட்சத்திரங்கள் இருக்கக்கூடாத வேகத்தில் ஓடுவது தெரிந்தது. அவற்றைப் பிடித்து வைத்திருக்க நடுவில் குறைந்தது 8,200 சூரியன் எடையுள்ள கருந்துளை ஒன்று இருக்க வேண்டும் என்று 2024 ஜூலையில் அறிவித்தார்கள். அந்தக் கூட்டம் லண்டனில் உதிப்பதே இல்லை. நம்ம ஊரில் 34 டிகிரி உயரம் வரை ஏறும், ஏப்ரல் நடுவில் நள்ளிரவு தாண்டி 12.20 வாக்கில் நேர் தெற்கே நிற்கும். தெற்குச் சிலுவையை முதலில் பிடியுங்கள், அதற்கு இடப்பக்கம் மேலே தேடுங்கள். தேரியில் வெறுங்கண்ணுக்கு, துடைத்தும் போகாத ஒரு மங்கலான புள்ளி. 10x50 பைனாகுலரில் (10 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மில்லிமீட்டர்) நிலா அகலத்துக்குப் பஞ்சை உருட்டி வைத்த மாதிரி. கருந்துளை தெரியாதுதான், ஆனால் அந்தப் பஞ்சின் நடுவில்தான் அந்த ஏழும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று தெரிந்துகொண்டு பார்ப்பது வேறு.

பக்கத்திலேயே ஆல்ஃபா சென்டாரி. நம் சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரக் குடும்பம் அது, அதில் பிராக்சிமாவைச் சுற்றி ஒரு கோள் இருப்பதை 2016-இல் கண்டுபிடித்தார்கள். வடக்கே கொரோனா போரியாலிஸ் என்ற அரைவட்டக் கூட்டத்தையும் பழகி வையுங்கள். அதில் டி என்று குறிக்கும் நட்சத்திரம் 1866-லும் 1946-லும் திடீரென்று வெடித்து வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது, அடுத்ததற்குக் காத்திருக்கிறார்கள். அந்த அரைவட்டம் இயல்பாக எப்படி இருக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் கூடுதலாக ஒன்று இருப்பது தெரியும்.

நாமும் செய்யலாம்

2019-இல் விக்ரம் தரையிறங்கு கலம் நிலவில் விழுந்தபோது, அதன் சிதறலை முதலில் கண்டுபிடித்தவர் சென்னையில் வேலை பார்த்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். நாசாவின் நிலாச் சுற்றுக்கலம் எடுத்து எல்லோருக்கும் பொதுவில் வைத்த பழைய படத்தையும் புதிய படத்தையும் வீட்டில் உட்கார்ந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், பழையதில் இல்லாத ஒரு புள்ளியைப் பிடித்தார், எழுதி அனுப்பினார். அந்த ஆண்டு டிசம்பரில் நாசா அவர் பெயரைச் சொல்லி உறுதி செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த இரண்டாவது பொருளைக் கண்டுபிடித்த கெனாடி போரிசோவ், தானே செய்த 65 சென்டிமீட்டர் தொலைநோக்கியில்தான் பார்த்தார். இன்னும் பின்னால் போனால், சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டறிந்தார். அதுவும் தெற்கு வானத்து நட்சத்திரம்தான்.

உங்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை, திருவாதிரையின், அதாவது பெட்டல்ஜியூஸின், ஒளியை அளப்பது. கருவி எதுவும் வேண்டாம். 2019 கடைசியில் திருவாதிரை மங்க ஆரம்பித்து 2020 பிப்ரவரியில் ஒளி அளவு 1.6 வரை போனது, வழக்கமாக 0.5 ஒட்டி இருப்பது; இந்த அளவில் எண் குறையக் குறைய ஒளி அதிகம். நட்சத்திரம் தன் மேற்பரப்பிலிருந்து வீசியெறிந்த பொருள் குளிர்ந்து தூசியாகி மறைத்தது என்று பிறகு தெரிந்தது. அந்த மங்கலை வெறுங்கண்ணால் அளந்து அனுப்பியவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள்.

இதில் நம்ம ஊருக்கு ஒரு வசதி. திருவாதிரை நம் உச்சியிலிருந்து ஒன்றரை டிகிரிக்குள் கடந்து போகிறது, பிப்ரவரி நடுவில் இரவு எட்டரைக்கே தலைக்கு மேல் நிற்கும். ஒப்பிட வேண்டிய நட்சத்திரங்களும் அப்போது 55 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். தாழ்ந்து நிற்கும் நட்சத்திரத்தைக் காற்று மங்கலாக்கிக் காட்டும், அந்தத் தொல்லை நமக்கு இல்லை. லண்டனில் திருவாதிரை 46 டிகிரிக்கு மேல் ஏறுவதே இல்லை.

பாயை விரித்து மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். ரோகிணியின், அதாவது அல்டெபரானின், ஒளி அளவு 0.9, புரோசியன் என்ற நட்சத்திரத்துக்கு 0.4. திருவாதிரை ரோகிணியைவிட பிரகாசமா, புரோசியனைவிட மங்கலா என்று மாறி மாறிப் பாருங்கள். இரண்டுக்கும் சரிபாதியில் இருக்கிறது என்று தோன்றினால் 0.65, அதை 0.7 என்று எழுதுங்கள். ரோகிணியையும்விட மங்கலாகத் தெரிந்தால் 1.1 அளவுள்ள போலக்ஸ் என்ற நட்சத்திரத்தோடு ஒப்பிடுங்கள். சிவப்பு நட்சத்திரத்தை உற்றுப் பார்க்கப் பார்க்க உள்ளதைவிட பிரகாசமாகத் தெரியும், அதனால் ஒரு நொடி பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துவிட வேண்டும், இது ரொம்ப முக்கியம். போன வாரம் என்ன எழுதினோம் என்று நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அளக்கவும் கூடாது, கண் அதே எண்ணுக்கு இழுக்கும்.

நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள், நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்தால் போதும். ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களைக் கவனிப்பவர்களுக்காக அமெரிக்காவில் 1911 முதல் இயங்கும் ஏஏவிஎஸ்ஓ (AAVSO) என்ற அமைப்பின் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்தால் உங்களுக்கென்று ஒரு குறியீடு தருவார்கள், அதில் உங்கள் அளவுகளை ஏற்றலாம். ஒப்பீட்டு நட்சத்திரங்களோடு வரைபடமும் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒன்று போதும், மார்கழியில் தொடங்கிச் சித்திரை வரை. மார்கழித் திருவாதிரை அன்று மட்டும் வேண்டாம், நெல்லையப்பர் கோவிலில் தாமிர சபையில் தரிசனம் நடக்கிற அந்த நாட்களில் முழுநிலா திருவாதிரைக்குப் பக்கத்திலேயே நிற்கும், அளவு தப்பும். ஒரு வாரம் பொறுத்து எடுங்கள்.